ஆர்கேட் பெட்டியை யார் தூக்குவது?

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பீட்சா கடைகளிலும் பௌலிங் அரங்குகளிலும் கால் டாலர் காசுக்கு ஓடிக்கொண்டிருந்த ஆர்கேட் விளையாட்டுப் பெட்டிகளில் தப்பிப் பிழைத்தவை பல இன்று தனிமனிதர்களின் வீடுகளில் இருக்கின்றன. சில கராஜில் நிற்கின்றன. நிறைய பெட்டிகள் பேஸ்மென்ட் எனப்படும் நிலத்தடி அறைக்குள் இறங்கிவிட்டன. ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ 1978, ‘ஆஸ்டிராய்ட்ஸ்’ 1979, ‘பேக்மேன்’ 1980, ‘டாங்கி காங்’ 1981 என்று ஆண்டோடு சேர்த்துச் சொல்லக்கூடிய சேகரிப்பாளர்கள் அங்கே ஏராளம். வாங்குவதும் விற்பதும் ஓயாமல் நடக்கிறது. கை மாறும் ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி வருகிறது. பெட்டியை நாமே கொண்டுவந்துவிடலாமா, வீட்டுச் சாமான் மாற்றித்தரும் மூவர்ஸை அழைக்கலாமா?

பெரும்பாலோர் இதற்குக் காசுக் கணக்கில் விடை தேடுகிறார்கள். வாடகை லாரிக்கு இவ்வளவு, நண்பர்களுக்குச் சாப்பாடு இவ்வளவு, மூவர்ஸ் கேட்கும் தொகை இவ்வளவு என்று கூட்டிக் கழித்துப் பார்த்து, சொந்தமாகச் செய்வதே லாபம் என்று முடிவுகட்டுகிறார்கள். அந்தக் கணக்கில் இரண்டு முக்கியமான வரவு செலவுகள் விடுபட்டுப்போகின்றன. ஒன்று மனித முதுகு. இன்னொன்று, பெட்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்ற அறிவு. உரிமையாளருக்குப் பெட்டி தெரியும், பாரம் தூக்கத் தெரியாது. லோடுமேனுக்குப் பாரம் தெரியும், பெட்டி தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் கிடைப்பது அபூர்வம். ஆகவே முழு வேலையையும் யாராவது ஒருவர் தலையில் கட்டாமல், வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டு யாருக்கு என்று தீர்மானிப்பதே சரி என்பது என் வாதம்.

முதலில் பெட்டி. நின்று விளையாடும் வழக்கமான பெட்டி ஒன்று ஐந்தேமுக்கால் அடி உயரம், இரண்டேகால் அடி அகலம், இரண்டேமுக்கால் அடி ஆழம் வரை இருக்கும். எடை 110 முதல் 135 கிலோ. ‘காண்ட்லெட்’, ‘டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்ஜா டர்ட்டில்ஸ்’ போல நால்வர் சேர்ந்து ஆடும் பெட்டிகள் இதைவிட அகலமும் கனமும் கூடியவை. ஆனால் மொத்த எடையைவிட அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. பெட்டியின் கீழ்ப்பாதி பெரும்பாலும் காலி. அங்கே ஒரு டிரான்ஸ்பார்மர், காசுப்பெட்டி, சில வயர்கள். கனமெல்லாம் மேல்பாதியில், முன்பக்கம் சரிந்து நிற்கும் பிக்சர் டியூபில் இருக்கிறது. அதனால் பெட்டி சாய்ந்தால், நாம் எதிர்பார்ப்பதற்கு முன்பே சாய்ந்துவிடும்.

அந்த டியூபைப் பின்கதவு திறந்து பார்க்க வேண்டும். முன்பக்கம் தடித்த கண்ணாடி, சுத்தியலால் தட்டினாலும் எளிதில் உடையாது. பின்பக்கம் போகப் போகக் குறுகி, கடைசியில் பெருவிரல் தடிமனுக்கு ஒரு கழுத்தாக நீள்கிறது. அந்தக் கழுத்தின் நுனியில் ஒரு சின்ன சர்க்யூட் போர்டு சொருகியிருக்கும். பெட்டியை மல்லாக்கப் படுக்க வைக்கும்போது உள்ளே கழன்று கிடக்கும் ஏதோ ஒரு பலகையோ மரத்துண்டோ அந்தக் கழுத்தில் போய் மோதினால் போதும். மெல்லிய சீறல் ஒன்று கேட்கும். காற்று உள்ளே போய்விட்டது, டியூப் செத்துவிட்டது. இவ்வகை டியூப்கள் இப்போது புதிதாகத் தயாராவதில்லை என்பதால், இன்னொரு பழைய பெட்டியிலோ பழைய டிவியிலோ இருந்து பொருத்தமான ஒன்றைத் தேடி எடுத்தால்தான் உண்டு. ‘டெம்பெஸ்ட்’, ‘ஸ்டார் வார்ஸ்’ போன்ற அடாரி பெட்டிகளில் உள்ள வண்ண வெக்டர் திரை போய்விட்டால் தேடல் இன்னும் கடினம்.

இதையெல்லாம் பாரம் தூக்க வந்த ஆள் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவர் காலையில் ஃபிரிட்ஜ் தூக்கியிருப்பார், மாலையில் சோபா தூக்குவார். அவருக்கு இது ஒரு உயரமான மரப்பெட்டி. ஆகவே பெட்டியைத் தயார் செய்யும் வேலை எந்தச் சூழ்நிலையிலும் உரிமையாளருடையது. அதை வாடகைக்கு விடக் கூடாது.

தயார் செய்வது என்றால் என்ன? விளையாட்டை ஓட்டும் சர்க்யூட் போர்டைக் கழற்றிச் சுற்றித் தனியே எடுத்துப்போவது. உள்ளே ஆடும் எதையும் கட்டுவது அல்லது வெளியே எடுப்பது. மேலே விளையாட்டின் பெயர் எழுதிய கண்ணாடிப் பலகையையும் திரைமுன் கண்ணாடியையும் போர்வையில் சுற்றுவது. அடியில் சமன்படுத்தும் திருகுகால்கள் இருந்தால் உள்ளே முழுதும் திருகிவிடுவது. இந்தக் கடைசி வேலையை மறப்பவர்கள் அதிகம். திருகுகால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பெட்டியைத் தரையில் இழுத்தால், ஏதாவது ஒரு விளிம்பில் அது மாட்டிக்கொண்டு அடிப்பலகையையே பிய்த்துக்கொண்டு வரும். பல பெட்டிகள் மரத்தூளை ஒட்டிச் செய்த பார்ட்டிக்கிள் போர்டால் ஆனவை. நாற்பது ஆண்டு ஈரம் ஏறிய பேஸ்மென்டில் நின்ற பெட்டி என்றால் அடிப்பாகம் ஏற்கெனவே ஊறி உப்பியிருக்கும். பிய்ந்த இடத்தைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

பெட்டியின் எடையைக் குறைக்க டியூபையே கழற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். 25 அங்குலத் திரை என்றால் சட்டத்தோடு முப்பது கிலோவுக்கு மேல் குறையும் என்பது உண்மை. ஆனால் டியூபின் மேல் ஒரு ரப்பர் தொப்பி ஒட்டியிருக்கிறதே, அதற்குக் கீழே இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு மின்சாரம் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது டியூபில் தங்கியிருக்கலாம். எர்த்தோடு இணைத்த ஸ்க்ரூ டிரைவரால் அதை முறையாக வெளியேற்றத் தெரிந்தவர் கழற்றலாம். தெரியாதவர் அந்தத் தொப்பியின் பக்கமே போகக் கூடாது. இதில் துணிச்சலுக்கு வேலையில்லை.

பின்பால் மெஷின் கதை வேறு. அதன் எடையும் 110, 130 கிலோதான். ஆனால் அது பிரிவதற்கென்றே பிறந்தது. நான்கு கால்கள், காலுக்கு இரண்டு போல்ட், மொத்தம் எட்டு. 1980களின் பிற்பாதியிலிருந்து வந்த மெஷின்களில் தலைப்பெட்டி கீலில் மடங்கி முன்பக்கமாகப் படுத்துக்கொள்ளும். தலையை மடக்கி, பட்டையால் கட்டி, கால்களைக் கழற்றி, பின்முனை கீழே வரும்படி செங்குத்தாக நிறுத்தினால் ஒரு தள்ளுவண்டியில் ஏறிக்கொள்ளும். வரிசைதான் முக்கியம். தலை நிமிர்ந்திருக்கும்போது முன்கால்களைக் கழற்றப் போனால், தலையின் பாரம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் தலையை மடக்க வேண்டும், பிறகு கால். அதற்கும் முன்னால், உள்ளே இருக்கும் எஃகுக் குண்டுகளை எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் 27 மில்லிமீட்டர் விட்டம், 80 கிராம் எடை. எடுக்காவிட்டால், மெஷினைச் செங்குத்தாக நிறுத்தியதும் அவை பலகை முழுக்க ஓடி, பிளாஸ்டிக்கையும் விளக்குகளையும் நொறுக்கிவிடும். பழைய மெஷின்களில் தலைப்பெட்டியின் முகப்பில் கண்ணாடியின் உட்புறம் தீட்டிய ஓவியம் இருக்கும். அந்த வண்ணம் வயதாகி உரிந்து கொட்டும் தறுவாயில் இருப்பதால், கண்ணாடியைத் தனியே எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அவர்கள் செய்வது சரிதான்.

இப்படிப் பிரியும் அமைப்பு தற்செயலாக வந்ததல்ல. ஆர்கேட் தொழிலில் பெட்டியை வைத்திருந்தவர் வேறு, கடைக்காரர் வேறு. ஆபரேட்டர் என்று அழைக்கப்பட்டவர் நூறு கடைகளில் பெட்டி வைத்து, வசூலைக் கடைக்காரரோடு பிரித்துக்கொள்வார். ஒரு கடையில் வசூல் குறைந்தால் அந்தப் பெட்டி இன்னொரு கடைக்குப் போய்விடும். வேனில் வந்த ஒரே ஆள், ஒரு தள்ளுவண்டி, இரண்டு பட்டை ஆகியவற்றோடு பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அதற்காகவே பல பெட்டிகளின் அடியில் பின்பக்கம் இரண்டு சக்கரங்களும் முதுகில் கைப்பிடியும் வைத்தார்கள். ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் இதில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். சேகாவின் ‘ஆஸ்ட்ரோ சிட்டி’ போன்ற பெட்டிகள் நான்கு சக்கரங்களில் உருளும், உட்கார்ந்து ஆடும் உயரமே கொண்டவை. சமதரையில் ஒருவரே தள்ளிக்கொண்டு போகலாம்.

நாமே செய்துகொள்ளலாம் என்பவர்களின் வாதத்துக்கு இதுவே வலுவான ஆதாரம். கலிஃபோர்னியாவில் 1997 முதல் நடந்துவரும் ‘கலிஃபோர்னியா எக்ஸ்ட்ரீம்’ விழாவுக்குச் சேகரிப்பாளர்கள் தங்கள் சொந்தப் பெட்டிகளையே கொண்டுவந்து, இரண்டு நாள் பொதுமக்களை ஆடவிட்டு, திரும்ப எடுத்துப்போகிறார்கள். நூற்றுக்கணக்கான பெட்டிகள். கராஜிலிருந்து லாரிக்கு, லாரியிலிருந்து அரங்குக்கு, எல்லாம் சமதரை. சாய்தளம் வைத்த வாடகை லாரி, ஃபிரிட்ஜ் ஏற்றும் பட்டை வைத்த தள்ளுவண்டி, கனமான போர்வைகள், அனுபவப்பட்ட இரண்டு பேர் இருந்தால் இது முற்றிலும் நடக்கக்கூடிய வேலை. லாரி எடுக்கும்போது கவனிக்க ஒன்று உண்டு. யூ-ஹால் போன்ற நிறுவனங்களின் மிகச்சிறிய லாரிகளில் சாய்தளம் கிடையாது. நாள் வாடகை மலிவாக இருக்கிறதே என்று அதை எடுத்தால், 120 கிலோவை இரண்டரை அடி உயரத்துக்குத் தூக்க வேண்டியிருக்கும். மைலுக்குத் தனிக் கட்டணமும் எரிபொருளும் சேர்ந்த பிறகு மலிவும் அவ்வளவாக இருக்காது.

சமதரை முடிந்து படிக்கட்டு தொடங்கும் இடத்தில் என் கருத்து முழுதாக மாறிவிடுகிறது.

அமெரிக்க வீடுகளுக்கான மாதிரிக் கட்டட விதி படிக்கட்டுக்கு 36 அங்குல அகலம் போதும் என்கிறது. ஒரு படியின் உயரம் ஏழேமுக்கால் அங்குலம் வரை போகலாம். பழைய வீடுகளின் பேஸ்மென்ட் படிகள் இதைவிடக் குறுகலானவை, செங்குத்தானவை. பாதியில் ஒரு திருப்பம் இருக்கும். தலைக்கு மேல் குழாய் ஓடும். இந்த இடத்தில் 33 அங்குல ஆழப் பெட்டியைச் சாய்த்துக்கொண்டு இரண்டு பேர் இறங்குகிறார்கள். பெட்டி சாயச் சாய, அதன் பாரம் கீழே நிற்பவர் பக்கம் போகிறது. மேலே இருப்பவர் பாதி எடையைப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் பெரும்பகுதியைக் கீழே இருப்பவர்தான் தாங்கிக்கொண்டிருப்பார். அவர் பின்பக்கமாக இறங்குகிறார், படி தெரியாது, இரண்டு பக்கமும் சுவர், ஒதுங்க இடமில்லை. பட்டை நழுவினால் அவருக்குப் போக வழியில்லை.

அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், பாரம் தூக்குவதற்கு வகுத்த சூத்திரத்தை 1991-ல் திருத்தியபோது, எல்லாச் சூழ்நிலையும் சாதகமாக இருந்தால் ஒருவருக்கு 23 கிலோ என்று தொடக்க அளவை வைத்தது. உடம்பை முறுக்கினால், கை நீட்டிப் பிடித்தால், பிடி சரியாக இல்லாவிட்டால் அந்த அளவு குறைந்துகொண்டே வரும். படிக்கட்டில் ஆர்கேட் பெட்டி என்றால் இவை மூன்றும் ஒருசேர நடக்கின்றன. 120 கிலோவை இருவர் பகிர்ந்தாலே ஆளுக்கு 60. பாரம் சமமாகப் பிரியாதபோது கீழே இருப்பவரின் நிலைமையைச் சொல்லத் தேவையில்லை. வார இறுதியில் உதவ வந்த நண்பரை அந்த இடத்தில் நிறுத்துவதற்கு எந்த விளையாட்டும் தகுதியானதல்ல. லோடுமேனுக்கு அடிபட்டால், முறையான நிறுவனம் என்றால், பெரும்பாலான மாநிலங்களில் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு அவருக்கு உண்டு. நண்பருக்கு அது கிடையாது. அவருடைய மருத்துவச் செலவும் வேலைக்குப் போகாத வாரங்களும் நட்பின் மேல் வந்து விழும். அமெரிக்க மருத்துவச் செலவைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படியேறும் மோட்டார் தள்ளுவண்டி என்று ஒன்று இருக்கிறது. ‘எஸ்கலெரா’ என்ற பெயரில் வருவது பின்பால் சேகரிப்பாளர்களிடையே பிரபலம். மோட்டார் பாரத்தைப் படிப்படியாகத் தூக்கிக்கொள்ள, பிடித்திருப்பவர் சமநிலை பார்த்துக்கொண்டால் போதும். விலை அதிகம். நிறைய மெஷின் வைத்திருப்பவர்களுக்கு, அல்லது நாலைந்து பேர் கூட்டாகச் சேர்ந்து வாங்குபவர்களுக்குப் பொருந்தும். ஒரே ஒரு பெட்டிக்கு, அதை ஏற்கெனவே வைத்திருக்கும் ஆளை அழைப்பதே மேல். பியானோ தூக்கிப் பழகியவர்களும் இந்த வேலைக்கு ஏற்றவர்கள். திருப்பத்தில் நின்று யோசிக்கும் பழக்கம் அவர்களுக்கு இருக்கும்.

அடுத்து தூரம். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வீட்டுச் சாமானோடு சாமானாகப் பெட்டியும் போகிறது என்றால், மூவர்ஸ் கையெழுத்துக் கேட்கும் காகிதத்தை வரி விடாமல் படிக்க வேண்டும். மாநிலம் தாண்டும் வீட்டுச் சாமான்களுக்கு அமெரிக்க மத்திய அரசின் விதிகள் பொருந்தும். நிறுவனம் இரண்டு வகைப் பொறுப்பை முன்வைக்க வேண்டும். ஒன்று முழு மதிப்புப் பாதுகாப்பு. அதில் சேதமான பொருளைப் பழுது பார்த்தோ, அதே போன்ற வேறொன்று கொடுத்தோ, மதிப்பைப் பணமாகத் தந்தோ ஈடுகட்டுவார்கள். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. இன்னொன்று இலவசம். அதில் ஒரு பொருளுக்கு அதன் எடைப்படி, பவுண்டுக்கு 60 சென்ட் மட்டுமே.

இந்த 60 சென்ட் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 300 பவுண்டு பின்பால் மெஷின், அதாவது 136 கிலோ. உடைந்து தூள்தூளாகப் போனாலும் சட்டப்படி கிடைப்பது 180 டாலர். ‘த ஆடம்ஸ் ஃபேமிலி’ போல 1992-ல் வந்து இன்றும் தேடி வாங்கப்படும் மெஷின் என்றால் அதன் சந்தை விலை பல ஆயிரம் டாலர். இலவசம் என்ற சொல்லைப் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர், மரத்தின் எடைக்கு மெஷினை விற்பதற்குச் சம்மதிக்கிறார். மூவர்ஸை அழைத்தால் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. முழு மதிப்பைத் தேர்ந்தெடுத்தாலும் இன்னொரு பள்ளம் இருக்கிறது. வெளியே அடிபட்ட அடையாளம் இல்லாமல் உள்ளே மின்பாகங்கள் செயலிழந்தால் தங்கள் பொறுப்பல்ல என்று பல நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கின்றன. அதனால் வண்டி வருவதற்கு முன், பெட்டி ஓடுவதையும், திரையையும், பின்கதவு திறந்த நிலையில் உட்புறத்தையும் வீடியோ எடுத்து வைப்பது நல்லது.

கட்டணத்திலும் விதி உண்டு. உத்தேசமாகச் சொல்லும் மதிப்பீடு என்றால், இறக்கும் இடத்தில் அந்தத் தொகையின் 110 சதவீதத்துக்கு மேல் கேட்டுச் சாமானைப் பிடித்து வைக்கக் கூடாது. சேதத்துக்கு ஒன்பது மாதத்துக்குள் எழுத்துமூலம் கோர வேண்டும். நிறுவனம் 30 நாளில் கோரிக்கை வந்து சேர்ந்ததை ஒப்புக்கொண்டு, 120 நாளில் முடிவு சொல்ல வேண்டும். மத்திய போக்குவரத்துத் துறை தரும் பதிவு எண் இல்லாத வண்டிக்காரரிடம் இந்த விதிகளைச் சொல்லி ஒன்றும் ஆகாது. இணையத்தில் மிகக் குறைந்த விலை சொல்பவர்களில் பலர் தரகர்கள். வண்டி யாருடையது என்பது ஏற்ற வரும் நாளில்தான் தெரியும். எண்ணை முன்பே கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

ஒற்றைப் பெட்டி மட்டும் நெடுந்தூரம் போக வேண்டுமென்றால், மரப்பலகை மேல் நிறுத்திக் கட்டி, பல வாடிக்கையாளர் சரக்கோடு சேர்த்து அனுப்பும் சரக்கு லாரி மலிவு. ஆனால் வழியில் பல கிடங்குகளில் ஃபோர்க்லிஃப்ட்டால் ஏற்றி இறக்குவார்கள். கட்டிய விதம் சரியில்லை என்றால் அதில் பிழைக்காது. பெட்டிகளை மட்டுமே ஏற்றிச் செல்லும், தானும் சேகரிப்பாளரான வண்டிக்காரர் கிடைத்தால் அவருக்கே கொடுக்கலாம். தேதி அவர் வசதிப்படிதான் அமையும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

வேலையைப் பிரித்துக்கொள்வதற்கு நானறிந்த சிறந்த உதாரணம் அமெரிக்காவில் இல்லை, வடக்கு வேல்ஸில் இருக்கிறது. 1956-ல் பெல்ஃபாஸ்டின் ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் தளத்தில் கட்டிய ‘ட்யூக் ஆஃப் லங்காஸ்டர்’ என்ற பயணக் கப்பல் 1979-ல் மோஸ்டின் அருகே கரையில் நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. கேளிக்கைக் கப்பலாகச் சில ஆண்டுகள் இயங்கி, பிறகு மூடப்பட்டது. உள்ளே இருந்த ஆர்கேட் பெட்டிகள் இருட்டில், கடல் ஈரத்தில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கிடந்தன. பிரிட்டன் சேகரிப்பாளர்கள் பேச்சு நடத்தி அவற்றை வாங்கியபோது, வாங்கியதைவிட வெளியே எடுப்பதே பெரிய வேலையாகிவிட்டது. கப்பலுக்குள் எந்தப் பெட்டி எந்த நிலையில் இருக்கிறது, எதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். உள்ளே நகர்த்துவதும் அவர்கள் கையால்தான். கப்பலின் மேல்தளத்திலிருந்து தரைக்கு இறக்குவதை மட்டும் கிரேனிடம் விட்டார்கள். எந்த இடத்தில் தங்கள் அறிவு தேவை, எந்த இடத்தில் இன்னொருவரின் கருவி தேவை என்பதைத் தெளிவாக உணர்ந்திருந்தார்கள்.

வீட்டளவில் இதற்கு இணையான ஏற்பாடு அமெரிக்காவில் சாதாரணமாகக் கிடைக்கிறது. வண்டி நம்முடையது, ஏற்றி இறக்க மட்டும் மணிக்கணக்கில் ஆள். பெரும்பாலும் இரண்டு பேர், குறைந்தது இரண்டு மணி நேரம் என்று பேசுவார்கள். இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். காலையிலேயே பெட்டியைத் தயார் செய்து, கதவுகளைக் கழற்றி, நிலையின் அகலத்தை அளந்து வைத்துவிட்டால், அவர்களுடைய இரண்டு மணி நேரமும் படிக்கட்டுக்கே செலவாகும். அழைக்கும்போதே எடை, உயரம், படிகள் எத்தனை, திருப்பம் உண்டா என்பதைச் சொல்லிவிட வேண்டும். ‘ஒரு வீடியோ கேம்’ என்று மட்டும் சொல்லி வரவழைத்தால், வந்தவர் பெட்டியைப் பார்த்துத் திரும்பிப் போனாலும் அவர்மேல் குறையில்லை. வந்தபின், எங்கே பிடிக்கக் கூடாது என்பதைத் தொட்டுக் காட்ட வேண்டும். குறிப்பாக ஜாய்ஸ்டிக் இருக்கும் பலகை. கைக்கு வாட்டமாக நீட்டிக்கொண்டிருப்பதால் எல்லோரும் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள். அது பெட்டியின் எடையைத் தாங்குவதற்குச் செய்ததல்ல. பட்டை அதன்மேல் ஓடவும் கூடாது.

2018-க்குப் பிறகு சந்தைக்கு வந்த ‘ஆர்கேட்1அப்’ போன்ற சிறிய நகல் பெட்டிகளுக்கு இந்த விவாதமே தேவையில்லை. எல்சிடி திரை, முழுப்பெட்டியில் முக்கால் அளவு, இரண்டு பேர் சிரமமில்லாமல் தூக்கலாம்.

இறக்கிய இடத்தில் அவசரப்படாமல் இருப்பதும் இடமாற்றத்தின் பகுதிதான். மூவர்ஸ் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பின்கதவைத் திறந்து, டியூபின் கழுத்து முழுசாக இருக்கிறதா, டிரான்ஸ்பார்மர் தன் போல்ட்டில் நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். குறை தெரிந்தால் அந்தக் காகிதத்திலேயே எழுதி, ஓட்டுநரும் ஒப்பமிடச் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் உறைந்த லாரியிலிருந்து வெப்பமூட்டிய வீட்டுக்குள் வந்த பெட்டியின் உள்ளே ஈரம் பூக்கும். ஓர் இரவு முழுக்க விட்டுவிட்டு, மறுநாள் கனெக்டர்களை ஒவ்வொன்றாக அழுத்தி, ஃபியூஸ்களைப் பார்த்து, சர்க்யூட் போர்டைத் திரும்பப் பொருத்திய பிறகுதான் பிளக்கைச் சொருக வேண்டும்.